1 ஜிபி நினைவகத்தில் ஆன்டிக்ஸ் லினக்ஸ்: பழைய நெட்புக் ஒன்றில் ஆறு வாரச் சோதனை

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், சிறிய மடிக்கணினி ஒன்றை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வந்தார். 2009இல் வாங்கிய நெட்புக் அது. இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி நினைவகம், 160 ஜிபி வன்தட்டு, பத்து அங்குலத் திரை. விண்டோஸ் எக்ஸ்பி திரைக்கு வர ஐந்து நிமிடம் ஆனது. வந்த பிறகும் சுட்டி நகரவில்லை. "தம்பி, இதுல பத்து வருசமா எழுதினதெல்லாம் கிடக்கு. அதை எடுக்கணும், விட்ட இடத்துலேருந்து எழுதணும். வேற எதுவும் வேண்டாம்" என்றார். ஊர்ப்பெயர்களைப் பற்றி அவர் தொகுத்துவரும் குறிப்புகள் அதில் இருந்தன. புதுக் கணினி வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசைப்பலகையில் ஒரு விசைகூடப் பழுதாகவில்லை, திரையில் ஒரு புள்ளிகூட அணையவில்லை.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு இற்றைகளை (அப்டேட்) மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 64-பிட் செயலி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். என்270 செயலியோ 32-பிட் மட்டுமே அறிந்தது. ஆகவே விண்டோஸ் வழி இந்தக் கணினிக்கு அடைபட்டுவிட்டது. மிஞ்சியது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதிலும் உபுண்டு போன்ற பெயர்பெற்ற வழங்கல்கள் (லினக்ஸை வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் வடிவங்கள்) 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டை வெளியிடுவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டதால், தேர்வுக்கு எஞ்சியவை சிலவே. இலகுவான வழங்கல்களான பப்பி லினக்ஸையும் ஆன்டிக்ஸையும் எடுத்துப் பார்த்தேன். பப்பி முழுவதுமாக நினைவகத்தில் ஏறி ஓடுவதால் மிக வேகமாக இருந்தது. ஆனால் டெபியன் என்ற பெரிய வழங்கலின் மென்பொருள் களஞ்சியம் முழுவதையும் நேரடியாகப் பயன்படுத்தும் வசதி எனக்குத் தேவைப்பட்டது. அதனால் ஆன்டிக்ஸில் நின்றேன்.

ஆன்டிக்ஸ் 2007 முதல் வெளிவருகிறது. கிரேக்க நாட்டிலிருந்து ஒருவர் மெபிஸ் என்ற வழங்கலை எளிமைப்படுத்தத் தொடங்கிய முயற்சி அது. இன்று டெபியனின் நிலையான பதிப்பின் மேல் கட்டப்படுகிறது. நான் சோதித்த 23.2 பதிப்பின் அடித்தளம் டெபியன் 12. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரலைக் கொண்டு லினக்ஸ் எழுதப்படவில்லை. எனினும் கோப்பு, கட்டளை, குழாய் (ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்கு அனுப்பும் வழி) என்று அதன் வழக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இந்த வழக்கங்கள் வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல, ஆசிரியரின் வேலையை முடித்துக் கொடுத்தவை அவையே என்பதைப் பின்னால் சொல்கிறேன். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் கணினி எழுந்ததும் மற்றச் சேவைகளை எழுப்பி மேற்பார்ப்பது சிஸ்டம்டி என்னும் நிரல். ஆன்டிக்ஸ் அதை விலக்கி, பழைய சிஸ்வி இனிட் அல்லது ரன்இட்டைப் பயன்படுத்துகிறது. திரையில் க்னோம், கேடிஇ போன்ற முழு மேசைச்சூழல் எதுவும் இல்லை. சாளரங்களை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஐஸ்டபிள்யூஎம் என்ற சிறிய நிரல் இருக்கிறது. எடை குறைவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. முழுப் பதிப்பின் பிம்பக் கோப்பு (ஐஎஸ்ஓ) ஏறத்தாழ 2 ஜிபி. 16 ஜிபி பென்டிரைவில் அதை எழுதி, பயாஸில் தொடக்க வரிசையை மாற்றிக் கணினியை எழுப்பினேன். எழுதும் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிம்பத்தை அப்படியே பென்டிரைவில் படியெடுத்தால் கணினி எழும். ஆனால் நாம் செய்யும் மாற்றங்கள் அதில் தங்குவதில்லை. முதல் நாள் முழுக்கச் செய்த அமைப்புகள் அனைத்தும் மறுநாள் காணாமல் போனபோதுதான் எனக்கு இது புரிந்தது. ஆன்டிக்ஸுக்குள்ளேயே இருக்கும் லைவ் யூஎஸ்பி மேக்கரைக் கொண்டு இன்னொரு பென்டிரைவை உருவாக்கிய பிறகு, தொடக்கப் பட்டியலிலேயே நிலைத்த சேமிப்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. வன்தட்டு பழுதான கணினி வைத்திருப்பவர்கள் அந்தப் பென்டிரைவையே நிரந்தர வட்டாக வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். இவ்வளவு முழுமையான பென்டிரைவ் வசதியை வேறு சிறு வழங்கல்களில் நான் கண்டதில்லை.

கணினி எழுந்து திரை நிலைத்ததும், மூலையில் இருக்கும் காங்கி என்ற சிறு பலகை நினைவகப் பயன்பாட்டைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. நிறுவிய பின் எதையும் திறக்காத நிலையில் அது 170 எம்பி சுற்றி நின்றது. எக்ஸ்பி ஓடிய அதே இயந்திரத்தில், இன்றைய பாதுகாப்பு இற்றைகளோடு கூடிய ஓர் இயங்குதளம் இவ்வளவு சிறிய இடத்தில் அடங்குவதை முதல் நாள் நான் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் திறந்து ஒரே ஒரு செய்தித் தளத்தை ஏற்றியதும் பயன்பாடு 600 எம்பியைத் தாண்டியது. இரண்டாவது தாவலைத் திறந்ததும் வன்தட்டு விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. நினைவகம் போதாமல் இயங்குதளம் வன்தட்டை இடமாற்று நினைவகமாகப் பயன்படுத்துகிறது என்பதன் அடையாளம் அது. பழைய கணினியை இன்று அழுத்திப் பிடித்திருப்பது உலாவியின் எடை, இன்னும் சரியாகச் சொன்னால் இணையப் பக்கங்களின் எடை. எந்த இலகுவான லினக்ஸாலும் அந்தப் பக்கங்களைச் சிறிதாக்க முடியாது. "பழைய கணினிக்குப் புத்துயிர்" என்று எழுதுபவர்கள் பலரும் இந்த இடத்தைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். கேட்டு நம்பி நிறுவியவர்கள், யூடியூப் திக்கித் திணறுவதைப் பார்த்துவிட்டு லினக்ஸே சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த நெட்புக்கில் வன்தட்டில் இருக்கும் 480பி காணொளியை எம்பிவி என்ற காணொளி இயக்கி தடையின்றி ஓட்டியது. 720பி ஓட்டியபோது ஒலி முன்னே சென்றது, படம் பின்தங்கியது. உலாவிக்குள் காணொளி பார்ப்பதை இதில் எதிர்பார்க்கவே வேண்டாம்.

திரையின் உயரம் 600 புள்ளிகள் மட்டுமே. இன்றைய மென்பொருள்களின் அமைப்புச் சாளரங்கள் பல அதைவிட உயரமானவை. 'சரி' என்ற பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்திலும் சுட்டியை வைத்து இழுத்தால் சாளரம் மேலே நகரும், பொத்தான் கண்ணில் படும். இந்த ஒரு வித்தையை ஆசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் இப்போது கணினியின் மூடியில் ஒட்டப்பட்டிருக்கிறது.

வயர்லெஸ் விஷயத்தில் அரை நாள் போனது. ஆன்டிக்ஸின் முழுப் பதிப்பில் பலவகை வயர்லெஸ் சிப்புகளுக்கான நிலைபொருள்கள் (ஃபர்ம்வேர்) சேர்ந்தே வருகின்றன. இருந்தும் இந்தக் கணினியின் சிப் முதலில் எழவில்லை, அதோடு மோதிய இன்னொரு டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்த பிறகே எழுந்தது. அதுவரை கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டேன். இந்த வழி பெரும்பாலும் கணினியில் எந்த அமைப்பும் செய்யாமலேயே வேலை செய்யும் என்பதால், வயர்லெஸ் எழாதவர்கள் மனம் தளராமல் முதலில் இதை முயன்று பார்க்கலாம்.

நிறுவும் முன் வன்தட்டை மாற்றிவிட்டேன். பழைய வன்தட்டைக் கழற்றி, அதிலிருந்த எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்த பிறகு, 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் பொருத்தினேன். இதில் விளைந்த மாற்றத்தை எண்ணால் சொல்வது நல்லது. ஒப்பிடுவதற்காகப் பழைய வன்தட்டிலும் நிறுவிப் பார்த்தேன். அதே ஆன்டிக்ஸ், அதே நினைவகம். பழைய வன்தட்டில் ஆவணம் எழுதும் மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் முதல் முறை திறக்க 38 வினாடி ஆனது. எஸ்எஸ்டியில் 14 வினாடி. பழைய கணினிக்காகச் செலவிட ஒருவரிடம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மட்டும் இருந்தால், அது முதலில் எஸ்எஸ்டிக்கே போகட்டும் என்பேன். நினைவகம் அடுத்தது. என்270 கொண்ட நெட்புக்குகளில் பெரும்பாலும் டிடிஆர்2 நினைவகத் துண்டுக்கான ஒரே ஓர் இடமே இருக்கும். அதில் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. சென்னை ரிச்சி தெருவில் பழைய 2 ஜிபி துண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. ஆசிரியரின் வேலைக்கு அது தேவைப்படாது என்று நான் கருதியதால் வாங்கவில்லை.

நிறுவி நேர்த்தியானது. வட்டைத் தேர்ந்தெடுத்ததும் கோப்புகளைப் படியெடுக்கத் தொடங்கிவிடுகிறது. அது நடந்துகொண்டிருக்கும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், நேர வலயம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இருபது நிமிடத்தில் முடிந்தது.

அடுத்து தமிழ். மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக் வழியாகத் தமிழ் எழுத்துருப் பொதியையும், தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் ஆகிய இரண்டையும் நிறுவினேன். தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, இன்ஸ்கிரிப்ட் என மூன்று விசைப்பலகை முறைகளும் அதில் உண்டு. ஐபஸ் பின்னணியில் ஓடுவதால் நினைவகத்தில் சில பத்து எம்பி கூடுதலாகப் போகும். 1 ஜிபி கணினியில் அதுவும் கணக்கில் வர வேண்டியதே. ஐபஸ் தானாகத் தொடங்குவதற்கு ஆன்டிக்ஸின் தொடக்கக் கோப்பில் ஒரு வரியை நாமே எழுத வேண்டும். முழு மேசைச்சூழல் உள்ள வழங்கல்களில் ஒரு பெட்டியில் டிக் அடித்தால் நடக்கும் காரியம் இது. தமிழ்நாட்டு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். இரட்டித்த மெய்யின் புள்ளி தானே விழுந்துவிடும். அது எந்தப் பிசகும் இன்றி வேலை செய்தது.

ஆசிரியருக்கு மட்டும் அதில் ஒரு தடை இருந்தது. அவர் பல ஆண்டுகளாகப் பாமினி என்ற, ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர். விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும் என்று அவர் சொன்னதன் முழுப் பொருளும், பழைய கோப்பு ஒன்றைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. எழுத்துருக் கோப்பை வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) போட்டுவிட்டால் படிக்க முடியும்தான். ஆனால் தேட முடியாது, கைப்பேசியில் யாருக்கும் அனுப்பிப் படிக்கச் சொல்ல முடியாது, எழுத்துரு காணாமல் போகும் நாளில் எழுத்தும் போய்விடும். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

யூனிக்ஸ் வழக்கங்களைப் பற்றி முன்பு சொன்னது இங்கேதான் பயன்பட்டது. லிப்ரே ஆஃபிஸைச் சாளரம் திறக்காமல் கட்டளைவரியிலிருந்தே ஓட்டி, அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் வெற்று உரையாக மாற்றலாம். பைத்தான் நிரல்மொழிக்கான ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி ஆயத்தமாக இருக்கிறது. டெபியன் 12இல் பைத்தான் பொதிகளை நேரடியாக நிறுவவிடாமல் தடுப்பார்கள். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். பிறகு ஐந்தாறு வரியில் ஒரு சுழற்சி. மாலையில் ஓடவிட்டேன், இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லாக் கோப்புகளும் படிக்கத்தக்க தமிழாக நின்றன. அடிக்குறிப்புகளில் ஆசிரியர் கொடுத்திருந்த ஆங்கில நூற்பெயர்கள் மட்டும், அவையும் பாமினி என்றே எண்ணப்பட்டு, பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவைகளாகிவிட்டன. வெற்று உரைக்கு மாற்றும்போது எழுத்துரு பற்றிய தகவல் அழிந்துவிடுவதால் இது தவிர்க்க முடியாதது. பழைய கோப்பை அருகில் வைத்துக்கொண்டு அவற்றைக் கையால் திருத்தினோம். மூன்று மாலைகள் ஆயின.

திருத்தி முடித்த அன்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, எல்லாக் கோப்புகளிலும் 'மங்கலம்' என்று முடியும் சொற்களை மட்டும் பொறுக்கி, எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, அதிகம் வருவது மேலே நிற்கும்படி வரிசைப்படுத்தச் சொன்னேன். தேடுவதற்கு ஒரு சிறு நிரல், அடுக்குவதற்கு ஒன்று, எண்ணுவதற்கு ஒன்று. மூன்றையும் குழாயால் இணைத்தால் ஒரே வரி. விசையை அழுத்திய இரண்டு வினாடியில் பட்டியல் திரையில் ஓடியது. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இதை நான் அட்டையில எழுதி எழுதி அடுக்கினேனே தம்பி, எட்டு மாசம்" என்றார். 'நல்லூர்' என்று முடிபவற்றையும் கேட்டார், 'குடி' என்று முடிபவற்றையும் கேட்டார். அந்தக் கட்டளையில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவராகவே செய்துகொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுக்கும் மேல் பழைய ஆட்டம் செயலி இந்த வேலைக்குச் சற்றும் திணறவில்லை. வெற்று உரை இலகுவானது. அதற்காகவே செய்யப்பட்ட கருவிகளும் இலகுவானவை. அத்தகைய வேலை வைத்திருப்பவருக்கு இந்த நெட்புக் பழைய கணினியே அல்ல.

குறைகள் உண்டு. பட்டியலைத் திறந்தால் ஒரே காரியத்துக்கு இரண்டு மூன்று கருவிகள் இருக்கின்றன. எதைத் தொடுவது என்று புதியவருக்குத் தெரியாது. கோப்பு மேலாளரே ஒன்றுக்கு மேற்பட்டது. கட்டுப்பாட்டு மையம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் கூட்டி வைத்திருப்பது உதவிதான், ஆனால் அங்கே உள்ள சில பொத்தான்கள் வெறும் உரைக்கோப்பைத் திறந்து காட்டுகின்றன. எதை மாற்றுவது என்று அறிந்தவருக்கே அதனால் பயன். ஆகவே, பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் இல்லாத வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அமைத்துக் கொடுக்க ஒருவர் இருந்து, அதன் பின் அன்றாடம் மூன்று நான்கு மென்பொருள்களை மட்டும் பயன்படுத்துபவருக்கு இது மிகப் பொருத்தம். அச்சிடுவதில் எந்தத் தொல்லையும் வரவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு ஒரு நெட்புக்கோடு நிற்பதில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதுவும் டெபியன் வழி வந்ததே. எங்கள் உறவில் ஒரு பெண்ணிடம் இருந்த அத்தகைய கணினியிலும் ஆன்டிக்ஸை நிறுவிப் பார்த்தேன். அது 2 ஜிபி நினைவகமும் 64-பிட் செயலியும் கொண்டது என்பதால் 64-பிட் பதிப்பை இட்டேன். நெட்புக்கில் எட்டாமல் போனவை அங்கே எட்டின: உலாவியில் மூன்று நான்கு தாவல்கள், 480பியில் பாடக் காணொளி, அதோடு ரைட்டரில் ஓர் ஆவணம். மின்கலம் செத்துப்போயிருந்தது, மின்னிணைப்பில் வைத்தே பயன்படுத்துகிறாள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. வீட்டில் கிடக்கும் கணினி எது என்று பார்த்துப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். 64-பிட் செயலி இருந்தால் தயங்காமல் 64-பிட் பதிப்பையே எடுக்கலாம். பிஏஇ வசதி (4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுகும் முறை) அறியாத தொடக்கக் காலப் பென்டியம் எம் செயலிகளுக்கும் ஏற்ற கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) 32-பிட் பதிப்பில் இருப்பது ஆன்டிக்ஸின் தனிச்சிறப்பு.

செலவுக் கணக்கு எளிது. இயங்குதளத்துக்கு ஒரு பைசாவும் இல்லை. எஸ்எஸ்டி, இரண்டு பென்டிரைவ்கள் என எல்லாமாக 1,900 ரூபாய் ஆனது.

32-பிட் கணினி வைத்திருப்பவர்கள் காலக்கெடுவையும் அறிந்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியும் கெர்னலும் நீக்கப்பட்டுவிட்டன. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவும் 32-பிட் லினக்ஸுக்கான ஆதரவை ஃபயர்ஃபாக்ஸ் 144ஓடு முடித்துக்கொண்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140க்கு மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை இற்றைகள் தருவதாக அறிவித்திருக்கிறது. டெபியன் 12க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. ஆன்டிக்ஸ் தன் கெர்னலைத் தானே தொகுத்துக்கொள்கிறது என்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். என்றாலும் உலாவி இற்றை நின்ற பிறகு இந்த நெட்புக்கில் வங்கிக் கணக்கைத் திறப்பது கூடாது. ஐயாவிடம் அதை இப்போதே சொல்லிவிட்டேன். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. இணையம் இல்லாமலும் எழுதலாம் என்பதால், தேவைப்படும்போது மட்டும் வயர்லெஸை இயக்கும்படி அமைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை குறிப்புகள் அடைவு இரண்டாவது பென்டிரைவுக்குப் படியெடுக்கப்படுகிறது. அதற்கான கட்டளையை மேசையில் ஒரு சின்னமாக வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே அதைச் சொடுக்குகிறார்.